அப்பத்தாவைப் பினாங்குக்கு அழைத்துப் போவதென்றால்

தேவகோட்டைத் தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: மே மாத விடுமுறையில் குடும்பமாக நாலு நாள் பினாங்கு போகிறார்கள், கூட 82 வயது அப்பத்தாவும் வருகிறார்கள். அப்பத்தாவின் கணவரான ஐயா இளவயதில் அங்கே கிட்டங்கியில் (செட்டியார்களின் வட்டிக்கடைக் கட்டடத்தில்) இருந்தவர், இப்போது இல்லை. இணையத்தில் தேடினால் மலை ரயில், சுவர் ஓவியம், பட்டாம்பூச்சிப் பண்ணை என்று பட்டியல் பட்டியலாக வருகிறது, அதில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? கேள்வியின் கடைசியில் அவர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "அப்பத்தா கல்யாணமான நாளிலிருந்து அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை." உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. ஐயா நடமாடிய ஊரில் இன்னும் என்ன மிச்சமிருக்கிறது, முழங்கால் வலியோடு நடக்கிற ஒரு பெரியவர் அதில் எவ்வளவைப் பார்க்க முடியும் என்று கேட்கிறார். அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

நான் கணக்கு வேலைக்குப் போய் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுனில் பல வருடம் இருந்தவன். இப்போது காரைக்குடியில் இருக்கிறேன். நம் பக்கத்துக் குடும்பங்கள் போகும்போது சில சமயம் கூடப் போய் ஊரைக் காட்டுவேன். தெருக்கள், கோயில்கள், பழைய கொடுக்கல் வாங்கல் முறை இவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். ஓட்டல் வாடகை, நுழைவுக் கட்டணம் எதையும் எழுதப் போவதில்லை. அவை அடிக்கடி மாறுபவை, கிளம்பும்போது பார்த்துக்கொள்வதே சரி.

முதலில் ஒன்று. பினாங்கு ஒரு கப்பல்துறையாகப் பிறந்த ஊர். 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அந்தத் தீவில் கொடி ஏற்றினார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தெருவும் கடற்கரையிலிருந்து உள்ளே வளர்ந்ததுதான். ஆட்கள் துறையில் இறங்கினார்கள், பக்கத்துத் தெருவில் வங்கி இருந்தது, அதற்கடுத்த தெருவில் வட்டிக்கடை, அதற்கும் அடுத்து கோயில். அந்த வரிசையிலேயே நீங்களும் பார்த்தால் ஊர் தானாகப் புரியும். விமான நிலையத்திலிருந்து காரில் ஓட்டலுக்குப் போய் அங்கிருந்து இடம் இடமாகத் தாவினால் கடைகளும் கட்டடங்களும் தெரியும், ஐயா வந்து இறங்கிய ஊர் கண்ணில் படாது.

ஆகவே என் முதல் யோசனை, தீவுக்குள் கடல் வழியாக நுழையுங்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு, காலையில் கே.எல். சென்ட்ரலிலிருந்து தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்துக்கு ஈ.டி.எஸ். என்ற மின்சார விரைவு ரயில் ஏறுங்கள். நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும், குளிர்சாதன வண்டி, அப்பத்தா கால் நீட்டி உட்காரலாம். பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு மேம்பால நடைவழியிலேயே போய்விடலாம். அங்கிருந்து தீவுக்குப் படகில் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். இந்தப் படகுப் போக்குவரத்து 1894இலிருந்து நடக்கிறது. காரெல்லாம் ஏற்றிவந்த பழைய இரட்டைத்தட்டுப் படகுகளை நிறுத்திவிட்டார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து ஓடும் புதுப் படகுகளில் ஆட்களும் இருசக்கர வண்டிகளும் மட்டும்தான். பழைய படகின் அழகு இவற்றுக்கு இல்லை என்று அந்த ஊர்க்காரர்களே குறைப்படுகிறார்கள், எனக்கும் அதே எண்ணம்தான். ஆனாலும் எதிரே மலையும் அதன் அடியில் ஊரும் மெல்ல மெல்லப் பெரிதாகி வருகிற காட்சி மாறவில்லை. ரயில் தோதுப்படாமல் நேராகப் பினாங்கில் இறங்கினாலும் பரவாயில்லை. முதல் நாள் மாலையிலேயே தீவிலிருந்து படகேறி அக்கரை போய், அடுத்த படகில் திரும்பி வாருங்கள்.

படகில் வரும்போது அப்பத்தாவுக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. ஐயா போயிருக்கக்கூடிய கப்பல் அநேகமாக ரஜூலா. 1926இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் கிள்ளான், சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குக் கிட்ட நம் ஆட்களை ஏற்றி இறக்கியது. 1973க்குப் பிறகு அதே வழியில் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழியே மூடிப்போனது. நாகப்பட்டினத்தில் ஏறியவர்களுக்குக் கடல் தாண்டியதும் கிடைக்கும் முதல் துறை பினாங்குதான். தெற்கே பாலத்தை ஒட்டி ஜெரஜாக் என்ற சிறு தீவு தெரியும். தொற்றுநோய்ப் பயத்தில் தட்டுப் பயணிகளை (கப்பலின் திறந்த தளத்தில் வந்தவர்களை) அங்கே இறக்கிச் சில நாள் வைத்திருந்துவிட்டுத்தான் ஊருக்குள் விடுவார்கள். சரக்குத் துறைமுகம் பிற்பாடு பட்டர்வொர்த் பக்கம் போய்விட்டது. இன்று தீவுப் பக்கம் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நிற்கிற வெள்ளைக் கப்பல்கள் எல்லாம் உல்லாசக் கப்பல்கள்.

படகிலிருந்து இறங்குகிற சாலை வெல்ட் கீ. அது நிற்கிற மண்ணே 1880களுக்குப் பிறகு கடலைத் தூர்த்து எடுத்தது. அதற்கு முன் கடலோரமாக இருந்தது அடுத்த தெருவான பீச் ஸ்ட்ரீட், பெயரும் அப்படி வந்ததுதான். வெல்ட் கீயின் தெற்குப் பக்கத்தில் சீனர்களின் குலப் படகுத்துறைகள் இருக்கின்றன. கடலுக்குள் கால் நட்டு மரவீடுகள் கட்டி, ச்சியூ, லிம், டான், லீ என்று குடும்பப் பெயர் வாரியாக வாழ்கிறார்கள். ச்சியூ துறைதான் பெரியது. பலகை நடைபாதை என்பதால் பெரியவர்களைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம், நுழைவில் இருக்கிற சின்னக் கோயில் வரை போனால் போதும். அது மனிதர்கள் குடியிருக்கிற இடம், வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

பீச் ஸ்ட்ரீட்டில் உயரமான தூண்களோடு வரிசையாக நிற்பவை வங்கிக் கட்டடங்கள். சார்ட்டர்ட் வங்கி 1875இலும் ஹாங்காங் வங்கி 1884இலும் பினாங்குக்கு வந்தன. நம்மவர்களான நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கதையில் இந்தக் கட்டடங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தங்கள் கைமுதலோடு வங்கியில் வாங்கிய பணத்தையும் சேர்த்து, வங்கி நேரடியாகக் கடன் கொடுக்கத் தயங்கிய ரப்பர் தோட்டக்காரர், ஈயச் சுரங்கக்காரர், சீனக் கடைக்காரர் இவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே செட்டியார் நின்றார். வங்கித் தெருவுக்கும் கிட்டங்கித் தெருவுக்கும் உள்ள தூரத்தை நடந்து பாருங்கள், சில நிமிடம்தான். தொழில் எப்படி நடந்தது என்பதை அந்த நடையே சொல்லிவிடும்.

கிட்டங்கித் தெரு என்று நம்மவர்கள் சொன்னது பினாங்கு ஸ்ட்ரீட்டை, இன்றைய பலகையில் லெபு பினாங். இந்த இடத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுதை ஒதுக்குங்கள். முகப்பு குறுகலாக, உள்ளே நீண்டுகொண்டே போகிற கடைவீடுகள் அவை. ஒரே கிட்டங்கியில் பல விலாசக்காரர்கள் இருப்பார்கள் (விலாசம் என்றால் ஒரு தொழில் நிறுவனத்தின் பெயர்). நீளக் கூடத்தின் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஓரிடம், தரையில் பாய், அதன் மேல் சாய்வுப் பலகை வைத்த கணக்குப் பெட்டி, பின்னால் சுவரோடு ஓர் அலமாரி. ஒரு விலாசத்தின் முழு அலுவலகமும் அவ்வளவுதான். பகலில் அங்கேதான் வாடிக்கையாளர் வந்து எதிரே உட்காருவார், இராத்திரி பெட்டியை ஒதுக்கிவிட்டு அதே இடத்தில் படுக்கை. பின்கட்டில் தண்ணீர்த்தொட்டி, பொதுச் சமையல், ஊரிலிருந்து வந்த சமையல்காரர். மேலே சாமி படங்கள். பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) போய், அடுத்தாளாகி (ஏஜெண்டுக்கு உதவியாளாகி), பிறகு ஏஜெண்டாக உயர்வது வழக்கம். ஒரு கணக்கு (வேலைத் தவணை) என்றால் மூன்று வருடம், அது முடிந்தால்தான் ஊர். குடும்பத்தை அழைத்துப் போவது மிக அபூர்வம். ஐயா எழுதிய ஊரை அப்பத்தா தபாலில் மட்டுமே பார்த்ததற்குக் காரணம் இந்த ஏற்பாடு.

இன்று அந்தத் தெருவில் பல கிட்டங்கிகள் கைமாறிவிட்டன. நகைக்கடை, துணிக்கடை, சாப்பாட்டுக்கடை என்று ஆகியிருக்கின்றன. ஆனாலும் நகரத்தார் கோயில் வீடு அந்தத் தெருவிலேயே இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவது அங்கிருந்துதான். கதவு திறந்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, இன்ன ஊர்க்காரர்கள் என்று சொல்லுங்கள். நம் பேச்சைக் கேட்டதும் முகம் மலரும் இடம் அது. கடைகளாக மாறிய வீடுகளிலும் தலையை நிமிர்த்திப் பாருங்கள். கூடத்து மரத்தூணும் மேல்மாடிச் சன்னலும் பல இடங்களில் பழையபடியே இருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. "அந்தத் தெருவே எங்கள் ஐயாவுடையது" என்று நம் வளவு வீடுகளில் பேச்சு உண்டு. அன்போடு சொல்வதுதான், ஆனால் அதை நம்பி ஒரு கட்டடத்தைக் காட்டி "இதுதான்" என்று அப்பத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள். விலாசம் இருந்தது வேறு, கட்டடம் சொந்தமாக இருந்தது வேறு. பலர் வாடகைக்கு இருந்தார்கள், சில கட்டடங்கள் கோயிலுடையவை, சிலவற்றில் பங்காளிகள் பலர். ஏஜெண்டாக இருந்தவரை முதலாளி என்றும், முதலாளியின் பெட்டியை இவருடையது என்றும் வீட்டுக் கதைகள் மாற்றிவிடுவது உண்டு. காகிதம் சொன்னால் உறுதி, வாய்மொழி மட்டும் என்றால் "இந்தத் தெருவில் ஓரிடம்" என்பதோடு நிறுத்துங்கள். அப்பத்தாவுக்கு அந்தத் தெருவே போதும்.

தொழில் ஏன் தேய்ந்தது என்று பிள்ளைகள் கேட்டால் ஒரு காரணத்தை மட்டும் சொல்லாதீர்கள். 1930களின் பெருமந்தத்தில் ரப்பர் விலை விழுந்து, கடன்கள் நிலமாகவும் தோட்டமாகவும் கைக்கு வந்து முடங்கின. 1941 டிசம்பர் 11இல் ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு போட்டன, 19ஆம் தேதி படை உள்ளே வந்தது. அந்தக் காலத்தில் ஜப்பான்காரர் அச்சடித்த நோட்டில், பத்து டாலர் தாளில், வாழை மரம் போட்டிருக்கும். பழைய கடனைப் பலர் அந்த நோட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். 1945இல் அது வெறும் தாளாகிப் போனது. அதற்குப் பிறகு வந்த கடன் சட்டங்களும் வட்டிக்காரர் சட்டமும் இடத்தை இன்னும் சுருக்கின. ஐயா போன காலத்தில் தொழில் உச்சத்திலிருந்து இறங்கிவிட்டது. அப்பத்தாவுக்கு வந்த கடிதங்களில் பணக்கஷ்டம் தெரிந்திருந்தால் அதற்குக் காரணம் ஐயாவின் திறமைக் குறைவு இல்லை.

கிட்டங்கித் தெருவிலிருந்து மேற்கே ஒன்றிரண்டு தெரு தள்ளினால் குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயில். 1833இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். அதையும் சேர்த்து, முன்பு பிட் ஸ்ட்ரீட் என்றிருந்த இன்றைய ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலையை ஒரே மாலையில் பார்த்துவிடலாம். வடக்கே 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், அடுத்து ஊதுபத்திப் புகை ஓயாத குவான் யின் சீனக் கோயில், தெற்கே 1801இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சூலியா ஸ்ட்ரீட்டும் கிங் ஸ்ட்ரீட்டும் சேரும் மூலையில் ஒரு சின்ன நாகூர் தர்கா இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். நாகூர் ஆண்டவர் கடலோடிகளின் காவலர். கப்பல் ஏறுமுன் நாகூரில் வேண்டிக்கொண்டவர்கள் இறங்கிய கரையிலும் அவருக்கு ஓர் இடம் வைத்துக்கொண்டார்கள். நம் பக்கத்துச் செட்டியாரும் மரைக்காயரும் ஒரே கப்பலில் போய் ஒரே தெருக்களில் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டவர்கள் என்பது அங்கே நின்றால் விளங்கும். ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் சேர்ந்து 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதற்கு இந்தக் கலப்புதான் முக்கியமான காரணம்.

கார்ன்வாலிஸ் கோட்டை கடலோர முனையில் இருக்கிறது. மதில் தாழ்வானது, சண்டை பார்க்காத கோட்டை, அரை மணி நேரம் போதும். அதைச் சுற்றிச் சொல்லப்படும் கதைகளைப் பிரித்துக் கேளுங்கள். காடு வெட்டும் ஆட்களுக்கு ஆசை காட்ட பிரான்சிஸ் லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்பது கதை. ஸ்ரீ ரம்பை என்ற பீரங்கி 1603இல் டச்சுக்காரர் வார்த்தது என்பது உண்மை, அதிலேயே ஆண்டு பொறித்திருக்கிறது. பக்கத்தில் இருக்கிற மணிக்கூண்டு லேசாகச் சாய்ந்திருப்பதற்கு யுத்தக் குண்டுதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். விக்டோரியா ராணியின் 60 ஆண்டு ஆட்சிக்காக ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரத்தில் கட்டினார்கள். கோட்டைக்குள் வெயில் தாங்காது, அப்பத்தா வெளியே எஸ்பிளனேட் என்ற கடலோரத் திடலில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கட்டும்.

அடுத்த நாள் காலை தண்ணீர்மலைப் பக்கம். பழைய பெயர் வாட்டர்ஃபால் ரோடு, இன்று ஜாலான் கெபுன் பூங்கா. நாட்டுக்கோட்டைச் செட்டியார் தண்டாயுதபாணி கோயில் 1850களில் அங்கே எழுந்தது. பழனியாண்டவரைப் போலவே கையில் தண்டோடு நிற்கிற முருகன். கோயில் சமதளத்தில் இருக்கிறது, வண்டி வாசல் வரை போகும், சக்கர நாற்காலியும் உள்ளே போகும். நம் ஊர் நகரக் கோயிலுக்குள் நிற்கிற உணர்வு அப்பத்தாவுக்கு உடனே வந்துவிடும். மதியம் நடை சாத்திவிடுவார்கள், ஒன்பது மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள். எதிர்ப்புறம் குன்றின் மேல் இருப்பது பாலதண்டாயுதபாணி கோயில், 513 படி. இளையவர்கள் ஏறட்டும்.

தைப்பூசத்துக்குப் போனால் என்ன என்று தோன்றலாம். பூசத்துக்கு முதல் நாள் விடியலில் வெள்ளி ரதம் கோயில் வீட்டிலிருந்து காளைகள் இழுக்கக் கிளம்பும். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி அர்ச்சனை, தேங்காய் மலை மலையாக உடைபடும், உடைப்பவர்களில் பாதிப்பேர் சீனர்கள். தண்ணீர்மலை போய்ச் சேர இரவாகிவிடும், பூசம் கழிந்து மறுநாள் இரவு திரும்பும். அந்த ரதம் 1894இல் நம் சீமையிலிருந்து கப்பலேறிப் போனது. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் 82 வயதுக்காரரை அந்தக் கூட்டத்தில் நிறுத்துவது சரியில்லை. தையில் நம் வீடுகளிலும் பழனிக் காவடி, பாதயாத்திரை என்று ஆள் இருக்காது. மே மாதமே உங்களுக்குப் பொருத்தம். வெயில் இருக்கும், சில மாலைகளில் இடியோடு மழை வரும், அவ்வளவுதான்.

கோயிலிலிருந்து அதே சாலையில் நேராகப் போனால் 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. நாகலிங்க மரம் பூத்திருந்தால் அப்பத்தாவே அடையாளம் காட்டுவார்கள். குரங்குகள் உண்டு, கையில் பழப் பை வேண்டாம். பினாங்கு மலைக்கு 1923இலிருந்து ரயில் ஓடுகிறது. இப்போதுள்ள வண்டி நடுவில் மாறாமல் நேராக மேலே போகும். உச்சி 800 மீட்டருக்கு மேல், குளிர்ச்சியாக இருக்கும், அங்கேயும் அருளொளித் திருமுருகன் கோயில் இருக்கிறது. வார நாளில் காலை முதல் வண்டிகளில் போக முடிந்தால் போங்கள், சனி ஞாயிறு என்றால் விட்டுவிடுங்கள், வரிசையிலேயே அவர்கள் களைத்துவிடுவார்கள். கெக் லோக் சி பௌத்தக் கோயில் அழகானது, அதன் கோபுரம் அடியில் சீனப் பாணி, நடுவில் தாய்லாந்து, உச்சியில் பர்மா. படிகள் மிக அதிகம். மலை, கெக் லோக் சி இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் மலையை எடுப்பேன். பத்து பிரிங்கி கடற்கரையையும் பட்டாம்பூச்சிப் பண்ணையையும் இந்தப் பயணத்தில் தாராளமாக விடலாம். சுவர் ஓவியங்கள் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பக்கம் போகும் வழியிலேயே கண்ணில் படும், தனியாகத் தேட வேண்டாம்.

வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் இதைக் கவனிக்காமல் வந்துவிடுகிறார்கள். சர்ச் ஸ்ட்ரீட்டில் பினாங் பெரனாக்கான் மாளிகை (பெரனாக்கான் என்பவர்கள் மலாய் வழக்கங்களோடு கலந்த உள்ளூர்ச் சீனர்கள்), கேனன் ஸ்கொயரில் 1906இல் திரும்பக் கட்டிய, கூ குலத்தவரின் மன்றமான கூ கொங்சி, லீத் ஸ்ட்ரீட்டில் நீல நிறச் சியோங் ஃபாட் ஸே மாளிகை. இவற்றில் முதலாவதை அவசியம் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண், பளிங்குத் தரை, ஐரோப்பியக் கண்ணாடி, எனாமல் தூக்குவாளி அடுக்கு. நம் வீட்டுப் பட்டாலையும் (முன்கூடமும்) வளவும் (உள்முற்றமும்) நினைவுக்கு வராமல் போகாது. கடைவீடுகளின் வாசலில் இடுப்பளவு உயரத்துக்குப் பதித்திருக்கிற பூவோட்டைக் குனிந்து பாருங்கள். புடைத்த ரோஜாவும் இலையும், பச்சையும் சிவப்பும், மேலே கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. அதே ஜப்பான் ஓடுகள் கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் முகப்புச் சுவர்களில் இருக்கின்றன. ஒரே காலத்தில், ஒரே கப்பல் வழிகளில், இரண்டு கரைக்கும் போன சாமான் அது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான்களாக அடுக்கி விற்கிறவற்றுக்கு அங்கே கண்ணாடிப் பெட்டி போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள். கிளம்புமுன் உங்கள் வீட்டு முகப்பை நாலு படம் எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே வைத்து ஒப்பிடலாம்.

சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. லெபு பாசார் முழுக்கத் தமிழ்க் கடைகள், வாழையிலைச் சைவச் சாப்பாடு கிடைக்கும். அந்த ஊர்த் தமிழர்களும் நம் வீடுகளைப் போலவே "பசியாறிட்டீங்களா" என்றுதான் விசாரிப்பார்கள். அப்பத்தா சுத்த சைவம் என்றால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மலாய், சீனக் கடைகளில் காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் மிளகாய் அரைப்பில் பெலாச்சான் இருக்கும், அது இறால் விழுது. அசாம் லக்சா மீன் குழம்பு. கவலையில்லாமல் கொடுக்கக் கூடியவை செண்டோல் என்ற தேங்காய்ப்பால் இனிப்பு, தேங்காயும் சர்க்கரையும் தூவிய புட்டு மாயம், அதாவது நம் இடியாப்பம், பிறகு ஜாதிக்காய்ச் சாறு. கட்டாயம் தேடி வாங்கித் தர வேண்டியது புலுட் ஹித்தாம். கறுப்பு ஒட்டரிசியைக் குழைய வேகவைத்து, சர்க்கரை சேர்த்து, மேலே தேங்காய்ப் பால் ஊற்றித் தருவார்கள். ஒரு வாய் சாப்பிட்டதும் "இது நம்ம கவுனி அரிசியில்ல" என்பார்கள். நம் வீட்டுக் கவுனி அரிசி பர்மா வழியாக வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள், எந்த வழியில் வந்திருந்தாலும் இரண்டும் உறவுதான். அசைவம் சாப்பிடுகிறவர்கள் நாசி கண்டார் கடையில் ஒரு வேளை உட்காருங்கள். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடித் தண்டு வைத்து இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதில் பிறந்த சாப்பாடு அது. குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லிக் கேட்பதுதான் அங்கே வழக்கம்.

கடாரத்தைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், அக்கரையில் கெடா மாநிலத்து மெர்போக் ஊரில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, பட்டர்வொர்த்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கோயில் அடித்தளங்களும் சிலைகளும் இருக்கின்றன. ராஜேந்திரன் 1025 வாக்கில் கடாரத்தின் மேல் படை அனுப்பியது அவன் மெய்க்கீர்த்தியே சொல்வது, அது உறுதி. ஆனால் "இந்தக் கோயில்களை ராஜேந்திரன் கட்டினான்" என்று சொல்லும் வழிகாட்டிகளை நம்ப வேண்டாம், அதற்குச் சான்றில்லை. அங்கே கிடைத்தவற்றில் பௌத்தமும் உண்டு, சைவமும் உண்டு, பல அவனுக்கும் நூற்றாண்டுகள் முந்தியவை. ஆர்வமுள்ளவர்கள் மட்டும் ஒரு நாள் போய் வரட்டும், ஏற்றமான இடம் அது.

நடையைப் பற்றி. ஜார்ஜ் டவுனில் கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட நடைவழிக்கு அஞ்சடி என்று பெயர். நிழல்தான், ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தரைமட்டம் மாறும், நடுவில் படி, மோட்டார் சைக்கிள், சாமான் எல்லாம் இருக்கும். சக்கர நாற்காலியைத் தெருவில்தான் தள்ள வேண்டிவரும். காலை எட்டிலிருந்து பத்தரை, மாலை ஐந்துக்கு மேல் என்று இரண்டு நடை வைத்துக்கொண்டு, நடுப்பகலில் அறையில் படுக்க விடுங்கள். லெபு பினாங், லெபு பாசார் சுற்று வட்டாரத்திலேயே தங்கினால் பாதி அலைச்சல் குறையும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து விசா இல்லாமல் 30 நாள் தங்க விடுகிறார்கள். அது காலக்கெடு வைத்து நீட்டிக்கிற ஏற்பாடு, டிக்கெட் போடுமுன் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையும் நிரப்ப வேண்டும், அப்பத்தாவுக்கும் தனியாக ஒன்று. மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். முழங்காலுக்கு எவ்வளவு நடை தாங்கும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கிளம்புமுன் ஒரு வேலை செய்யுங்கள், தம்பி. வீட்டுப் பெட்டகத்தில் ஐயாவின் பழைய கடித உறை, கடவுச்சீட்டு, மலாயா அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, பேரேடு எது இருந்தாலும் எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அசலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். உறையில் தெருப்பெயர் ஆங்கிலேயர் காலத்துப் பெயராக இருக்கும். பிட் ஸ்ட்ரீட், வாட்டர்ஃபால் ரோடு, நார்த்தம் ரோடு என்று இருந்தால் இன்றைய பெயரை மேலே சொன்னபடி மாற்றிக்கொள்ளுங்கள் (நார்த்தம் ரோடு இன்று ஜாலான் சுல்தான் அகமது ஷா). ஒரு தாளில் உங்கள் ஊர், கோயில் பிரிவு (எந்த நகரக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்பது), வீட்டுப் பெயர், ஐயா வேலை பார்த்த விலாசத்தின் முதலெழுத்துகள், போன வருடம், வந்த வருடம் இவ்வளவையும் தமிழில் எழுதி, ஐயாவின் இளவயதுப் படம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். கோயில் வீட்டிலும் தண்ணீர்மலையிலும் முதலில் கேட்பது எந்த ஊர், எந்தக் கோயில் என்றுதான். விலாசம் தெரிந்தால் எந்தக் கிட்டங்கி என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். முதல் நாளே அந்தத் தாளைக் கொடுத்துவிடுங்கள், அவர்கள் விசாரித்துச் சொல்ல இரண்டு நாளாவது வேண்டும்.